காற்றை வேண்டிய நிலம்: விமுக்தி ஜயசுந்தரவின் திரைப்பட நடையும் அதன் மாற்றமும்

கலைகளுள் இளையது திரைப்படக் கலை. கவிதைக்கும் கூத்துக்கும் சிற்பத்துக்கும் ஆயிரக்கணக்கான ஆண்டு வரலாறு உண்டு. ஓடும் படத்துக்கோ நூற்றுமுப்பது ஆண்டளவே வயது. எனினும் கனவைக் காட்டும் ஆற்றலில் இவ்விளைய கலை மூத்தவற்றை விஞ்சி நிற்கின்றது. இருண்ட மண்டபத்தில் அசையாது அமர்ந்து, தன் விருப்பத்தைக் கேளாமலே அடுத்தடுத்து வரும் உருக்களைக் காண்பவன், ஏறக்குறைய துயில்பவனின் நிலையை எய்துகிறான். இவ்வொற்றுமையை நன்குணர்ந்து பயன்கொண்டவர்கள் 1920களிற் பாரிசு நகரிற் கூடிய சர்ரியலிசக் குழுவினர்.

சர்ரியலிசம் என்பதனைத் தமிழில் மீமெய்ம்மை எனலாம். பொய் என்பதோ மெய்ம்மைக்குப் புறம்பானது என்பதோ அதன் பொருளன்று. நனவையும் கனவையும் ஒருங்கே தழுவி, அவ்விரண்டுக்கும் மேலாய் நிற்கும் மெய்ம்மை என்பதே பொருள். அந்திரே பிரெத்தோன் 1924ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், அறிவின் காவலும் அறநூலின் காவலும் இன்றி எண்ணம் தானே இயங்கும் நிலையைக் கலைஞன் பதிவு செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினார். ஐந்தாண்டு கழித்து, 1929இல், இசுப்பானியரான லூயிஸ் புனுவேலும் ஓவியர் சல்வடோர் தாலியும் சேர்ந்து ‘ஓர் அந்தலூசிய நாய்’ என்னும் குறும்படத்தை ஆக்கினர். சவரக்கத்தி ஒன்று கண்விழியைக் கிழிக்கும் காட்சி அதன் தொடக்கத்திலேயே வரும். அதனைக் கண்டு முகந்திருப்பாதவர் அன்றுமிலர், இன்றுமிலர்.

ஆயின் அப்புனுவேலே முதுமையில் எவ்வாறு படம் எடுத்தார் என்பது சிந்திக்கற்பாலது. மெக்சிக்கோவில் வாழ்ந்த காலத்தில் 1950இல் வெளியிட்ட ‘மறக்கப்பட்டோர்’ என்னும் படம் நகரச் சேரிச் சிறுவரைப் பற்றியது. பசித்த சிறுவனின் கனவு ஒன்றைத் தவிர ஏனையவை யாவும் தெருவிற் கண்டவை போன்றே இருக்கும். 1962இல் வந்த ‘அழிக்கும் தேவதை’ என்னும் படத்தில், செல்வர் வீட்டு விருந்துக்கு வந்தோர் திறந்து கிடக்கும் வாயிலைக் கடந்து வெளியேற மாட்டாது நாட்கணக்காய் உள்ளே தவிப்பர். பூட்டு இல்லை, காவலன் இல்லை, காரணமும் கூறப்படுவதில்லை. இதனை அவர் எவ்விதக் கமராத் தந்திரமுமின்றி, அயல்வீட்டுச் செய்தி போலச் சொல்லிச் செல்கிறார். இளமையில் அதிர்ச்சியை வெட்டியும் ஒட்டியும் ஆக்கியவர், முதுமையில் அதிசயத்தை அதிசயிக்காமற் சொன்னார். மீமெய்ம்மைக் கலைஞர் பலர் இவ்வழியே முதிர்ச்சி பெற்றனர் என்று திறனாய்வாளர் கருதுவதுண்டு. இலங்கையில் இந்நெறியோடு ஒப்பிடத்தக்க ஒரு நெறியாளரின் நடையோ இதற்கு நேரெதிராய்ச் சென்றது. அவரே விமுக்தி ஜயசுந்தர.

அவரை ஆராயுமுன் ஒன்று கூறுதல் வேண்டும். மீமெய்ம்மை பாரிசிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு என்று கருதி வன்னி வாசகர் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில் வழங்கும் ஐதிகம் யாவரும் அறிந்தது. மாடு மேய்க்கும் சிறுவரிடம் மூதாட்டி ஒருத்தி வருகிறாள். தன் தலையைப் பார்க்குமாறு அவர்களைக் கேட்கிறாள். கூந்தலை விலக்கிய சிறுவர் அங்கே ஆயிரம் கண்களைக் காண்கின்றனர். மதுரையை எரித்த கண்ணகியே அம்மூதாட்டி என்பது நம்பிக்கை. வைகாசிப் பொங்கலை முன்னிட்டுக் கடல்நீர் எடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அவ்வுப்புநீராலேயே விளக்கேற்றும் வழக்கமும் உண்டு. பேன் பார்க்கக் குனிந்த சிறுவன் கண்களைக் காண்பதும், எண்ணெய்க்குரிய இடத்தில் உப்புநீர் நின்று எரிவதும் புனுவேலின் எந்தக் காட்சிக்கும் குறைந்தவையல்ல. ஒரு வேறுபாடு உண்டு. பாரிசுக் குழுவினர் நம்பிக்கையைக் குலைப்பதற்காக உருக்களைத் தேடினர்; வன்னி மக்கள் நம்பிக்கையின் உள்ளிருந்தே அவற்றைக் கண்டனர். ஜயசுந்தர இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவர்.

அவர் 1977ஆம் ஆண்டில் இரத்தினபுரியிற் பிறந்தவர். இந்தியாவின் புனே நகரத்துத் திரைப்படக் கல்லூரியிலும், பின்னர் வட பிரான்சிலுள்ள லெ பிரெனுவா என்னும் கலைக் கல்லூரியிலும் பயின்றார். மாணவப் பருவத்தை ஒட்டியே ‘மௌன தேசம்’ என்னும் பொருள்படும் கறுப்பு வெள்ளை ஆவணப்படம் ஒன்றைப் போரினாற் பாதிக்கப்பட்டோரைப் பற்றி ஆக்கினார். தம்மை அவர் மீமெய்ம்மைக் குழு எதிலும் சேர்த்துக்கொண்டவரல்லர். அச்சொல் அவர் படங்களுக்குத் திறனாய்வாளர் இட்ட பெயர்களுள் ஒன்று. உருசியரான தார்க்கோவ்ஸ்கியின் பெயரும் அவரோடு சேர்த்துப் பேசப்படுவதுண்டு. பெயர் எதுவாயினும், நனவும் கனவும் வேலியின்றிக் கிடக்கும் நிலமே அவர் திரைக்களம் என்பதில் ஐயமில்லை.

2005ஆம் ஆண்டிற் கான் திரைப்பட விழாவிலே, ‘சுளங்க எனு பினிச’ என்னும் அவரது முதற் கதைப்படம், முதற்படங்களுக்கென வழங்கப்படும் பொற்கமரா விருதைப் பெற்றது. அமெரிக்கரான மிராண்டா யூலையின் படம் ஒன்றும் அவ்வாண்டு அவ்விருதைப் பகிர்ந்துகொண்டது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் ‘ரேகாவ’ 1957இற் கான் விழாப் போட்டியில் இடம்பெற்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தபின் கிட்டிய பேறு இது. ஆங்கிலத்தில் அப்படத்துக்குக் கைவிடப்பட்ட நிலம் என்னும் பொருளில் வேறொரு பெயர் வைத்துள்ளனர். சிங்களத் தலைப்பின் பொருள் ‘காற்று வரும்பொருட்டு’ என்பதாகும். முன்னது முடிந்துபோன நிலையைச் சொல்வது. பின்னது ஒரு வேண்டுதல். படத்தைப் பார்க்கும்போது மனத்திற் கொள்ளவேண்டிய பெயர் சிங்களப் பெயரே.

கதை என்று சொல்லத்தக்கது மிகச் சிறிது. வறண்ட வெளியில் தனித்து நிற்கும் ஒரு வீடு. அதில் ஊர்காவற்படையைச் சேர்ந்த அனுரா, அவன் மனைவி இலதா, மணமாகாத அவன் தமக்கை சோமா ஆகிய மூவரும் வாழ்கின்றனர். அனுரா நாள்தோறும் ஒரு காவலரணுக்குச் சென்று நிற்கிறான். எதனைக் காக்கிறான் என்பது அவனுக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது. முதிய காவலாளி பியசிறி பத்தி என்னும் சிறுமிக்குப் பழங்கதை கூறுகிறார். இராணுவத்தினர் வருகின்றனர், போகின்றனர். இலதாவின் மனம் வேறொருவனை நாடுகிறது. ஓரிரவில் அனுராவைப் படையினர் அழைத்துச் சென்று, யாரென்று அறியப்படாத மனிதன் ஒருவனைக் கொல்லப் பணிக்கின்றனர். மறுநாள் வெயில் வழக்கம்போலவே எறிக்கிறது.

இப்படத்தின் நடை இருவகையிற் கவனத்துக்குரியது. ஒன்று, தொலைவு. ஒளிப்பதிவாளர் சன்ன தேசப்பிரியவின் கமரா பெரும்பாலும் எட்டவே நிற்கிறது. வானும் தரையும் திரையை நிரப்ப, மனிதர் அதில் ஓர் ஓரத்திற் சிறு புள்ளியாய் அசைகின்றனர். அவர் முகத்தில் எழுதியிருப்பதை வாசிக்கும் வாய்ப்புப் பார்ப்பவனுக்குக் கிட்டுவது அரிது. இரண்டாவது, மௌனம். பேச்சு மிகக் குறைவு. பேசப்படுவதும் விளக்கமாய் அமைவதில்லை. காற்றின் ஒலியும் தொலைவில் வண்டி செல்லும் ஒலியுமே வசனத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கனவுக் காட்சி என்று தனியே பிரித்துக் காட்டப்படும் எதுவும் படத்தில் இல்லை. போருமில்லாத அமைதியுமில்லாத ஒரு பகற்பொழுது எல்லையின்றி நீளும்போது, அது தானே கனவாகிவிடுகிறது. புனுவேல் அறுபதாம் வயதை அண்டிக் கண்ட எளிமையை இருபத்தெட்டு வயதினர் முதற்படத்திலேயே கண்டார் என்பது மிகையன்று.

தமிழ்மரபு அறிந்தோர்க்கு இந்நிலம் புதிதன்று. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை என்றும், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டபோது அவையே பாலையாய்த் தோன்றும் என்றும் முன்னோர் கொண்டனர். அங்கே நிலத்தைக் கெடுப்பது வேனில், இங்கே போர். பாலையின் உரிப்பொருள் பிரிவு. படத்தில் வழிப்பயணம் சென்ற தலைவன் என்று எவனுமில்லை. ஒரே கூரையின்கீழ் உறங்கி எழும் மூவரே ஒருவரையொருவர் பிரிந்து கிடக்கின்றனர். சோமாவும் இலதாவும் ஒரு சொல்லுமின்றி எதிரெதிரே இருக்கும் காட்சிகளில் இப்பிரிவு அனுராவின் கொலைக்காட்சியினும் கொடிதாய்த் தோன்றுகிறது.

இனி, இப்படத்தை வன்னியிலிருந்து நோக்குவோம். 2002ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. கண்டி வீதி திறந்தது. ஓமந்தையில் ஒரு சோதனைச் சாவடி. அப்பாற் புளியங்குளத்தில் மற்றொன்று. இடையிற் கிடந்த துண்டு நிலத்துக்குச் சூனியப் பிரதேசம் என்று பெயர். அதனூடாகப் பொதி சுமந்து சென்ற வவுனியா, கிளிநொச்சி மக்களுக்கு ‘சுளங்க எனு பினிச’ படத்தின் வெளி ஒரு கற்பனையாகத் தோன்றாது. சண்டை நின்றிருந்தது, காவலரண்கள் நின்றபடியே நின்றன. எதிரே ஒருவருமில்லாத வெட்டையை நோக்கித் துவக்கோடு நின்ற இளைஞர் இருபுறத்தும் இருந்தனர். அக்காலத்து ஊர்காவற்படையினனின் வெறுமையைச் சிங்களக் கலைஞர் ஒருவர் இத்துணை நேர்மையாகக் காட்டியமை சிறிய செயலன்று. தென்னிலங்கையிற் படைத்தரப்பினர் சிலர் இப்படத்தை வெளிப்படையாகக் கண்டித்தனர் என்பதிலிருந்தே அதன் கூர்மை புலனாகும்.

எனினும் மறுபுறத்திலிருந்து ஒரு வினா எழுகின்றது. அதனைத் தட்டிக்கழித்தல் ஆகாது. போரைப் பற்றிய இப்படத்தில் எதிரி தோன்றுவதில்லை. இடப்பெயர் இல்லை, போரின் காரணம் இல்லை, அப்போரில் மற்றப் பாதியாய் நின்ற மக்களின் வாழ்வும் இல்லை. கனவின் மொழி எல்லாவற்றையும் பொதுமையாக்கி விடுகிறது. பொதுமையாக்கப்பட்ட துயருக்குப் பொறுப்பாளி என்று எவனும் இல்லாமற் போகிறான். இது தப்பித்தலன்றோ என்று கேட்போர் உளர்.

இவ்வினாவுக்கு இருவகை விடை கூறலாம். சொல்லத் தடையுள்ள நாட்டில், பெயர் சுட்டாமற் சொல்வதே சொல்லும் வழி என்பது ஒன்று. புனுவேலும் பிராங்கோவின் இசுப்பானியாவில் 1961இல் ‘விரிதியானா’ என்னும் படத்தை எடுத்து இவ்வழியே முயன்றார், அதுவும் தடைசெய்யப்பட்டது. மற்றது இதனினும் வலியது. ஊர்காவற்படையினன் அனுரா எதிரியை அறியான். அவன் கண்ணுக்குப் புலனாகாத ஒன்றைப் படம் காட்டியிருப்பின் அது நேர்மையாயிராது. கொல்லப்படுபவன் யாரென்று அறியாமலே கொல்லும் அவன் நிலை, அப்போரை நடத்திய சாதாரண மனிதரின் நிலையை உள்ளவாறே உரைக்கிறது. ஆகவே முதற்படத்தளவில் மௌனம் தப்பித்தலாகாது, அதுவே பொருளாகிறது என்று கொள்ளலாம். அடுத்த படத்துக்கு இவ்விடை அத்துணை எளிதிற் பொருந்துவதில்லை.

‘அஹசின் வெடெய்’ என்பது அடுத்த படம். வானிலிருந்து விழுகிறது என்பது தலைப்பின் பொருள். தொடக்கத்தில் மனிதன் ஒருவன் வானிலிருந்து கடலில் விழுகிறான், எழுந்து கரையேறுகிறான். நகரிற் கலவரம். இளைஞர் தொலைக்காட்சிப் பெட்டிகளை அடித்து நொறுக்குகின்றனர். சீன நாட்டுப் பெண் ஒருத்தியை அவன் காப்பாற்றுகிறான். பின்னர் நகரை விட்டு நீரும் பசுமையும் நிறைந்த நாட்டுப்புறம் நோக்கிச் செல்கிறான். அங்கே, மரப்பொந்தில் ஒளிந்து உயிர்தப்பிய அரசகுமாரன் ஒருவனின் பழங்கதை பேசப்படுகிறது. அக்கதை பண்டு நடந்ததா, இனி நடக்கப்போவதா, இப்போது இவனுக்கே நடப்பதா என்று பிரித்தறிய முடியாதவாறு படம் பின்னப்பட்டுள்ளது.

நடையில் நேர்ந்த மாற்றம் வெளிப்படை. முதற்படத்தில் வறள்நிலம், இதில் நீர்நிலம். அதிற் காலம் அசையாது நின்றது. இதிற் காலம் சுழல்கிறது. அதில் அதிசயம் எதுவும் நிகழாமலே எல்லாம் அதிசயமாயிற்று. இதில் அதிசயங்கள் வெளிப்படையாகவே நிகழ்கின்றன. பியசிறியின் வாயிற் சிறுகதையாய் ஒதுங்கியிருந்த நாட்டார் கதை, இங்கே படம் முழுவதையும் ஆளும் அரசாகிவிட்டது. இளைஞர் வேட்டையாடப்படும் காட்சிகள் 1971இலும், 1987 முதல் 1989 வரையிலும் தென்னிலங்கையில் நடந்தவற்றை நினைவூட்டாமல் இரா. இரண்டாவது காலப்பகுதியில் ஜயசுந்தர பத்து வயதைக் கடந்துகொண்டிருந்த சிறுவர்.

இப்படம் 2009ஆம் ஆண்டு செப்தெம்பரில் வெனிசு விழாப் போட்டியிற் காட்டப்பெற்றது. அவ்வாண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்திருந்தது. வெனிசில் விளக்கணைந்து படம் ஓடிய அந்நாட்களில், வன்னி மக்களிற் பெரும்பகுதியினர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் இருந்தனர். இதற்கு நெறியாளர் பொறுப்பல்லர். படம் அதற்கு முன்னரே கருக்கொண்டது. ஆயினும் அழகிய அவ்வேரிகளையும் புல்வெளிகளையும் இன்று காணும் வன்னி வாசகன் இந்நாட்களை மறந்து காணுதல் இயலாது. முதற்படத்தில் அழகு வறுமையோடிருந்தது. இதிலோ அழகு துயரின்மேற் பட்டாடை போலப் போர்த்துக் கிடக்கிறது. சில காட்சிகளில், உருவின் அழகை விட்டுப் பிரிய மனமின்றி நெறியாளர் தங்கிவிட்டார் என்று சொல்லவேண்டியுள்ளது. மரப்பொந்துக் காட்சி அவ்வாறன்று. உயிரஞ்சி நிலத்தினுள்ளும் மரத்தினுள்ளும் புகுந்துகொள்ளுதல் என்பது பதுங்குகுழி வெட்டி வாழ்ந்தோர்க்கு உவமையன்று, அன்றாடம். அவ்வொரு காட்சியிற் பழங்கதையும் வரலாறும் உண்மையாகவே ஒன்றாகின்றன.

மூன்றாவது கதைப்படத்துக்கு அவர் நாட்டை விட்டே வெளியேறினார். 2011இற் கான் விழாவின் நெறியாளர் அரங்கிற் காட்டப்பெற்ற ‘சத்ராக்’ வங்காள மொழிப் படம். சத்ராக் என்றால் வங்கத்திற் காளான். சத்திரம் என்னும் வடசொல்லுக்குக் குடை என்பது பொருளாதலின் பெயர்க்காரணம் விளங்கும். வளைகுடா நாட்டிற் கட்டடக் கலைஞனாய் இருந்தவன் கொல்கொத்தா திரும்புகிறான். மனம்பேதலித்துக் காட்டிற் திரியும் தம்பியைத் தேடுகிறான். தம்பி மரக்கிளைகளில் உறங்குகிறான். தமையன் கட்டும் மாடிகளோ மழைக்குப் பின் முளைக்கும் காளான் போல நகரெங்கும் எழுந்து, அங்கிருந்தோரை அப்புறப்படுத்துகின்றன. இதிற் கனவுக்கும் நனவுக்கும் தனித்தனி இடம் வகுக்கப்பட்டுவிட்டது: காடு கனவு, நகரம் நனவு. முன்னிரு படங்களில் இருந்த வேலியின்மை இங்கே குறைந்தது. விளங்குதல் எளிதாயிற்று, வியத்தலும் அவ்வளவிற்கு எளிதாயிற்று. அவருடைய படங்களுள் கருத்துத் துலக்கமானது இதுவே. ஆழம் குறைந்ததும் இதுவே எனலாம்.

2015இல் லொக்கார்னோ விழாப் போட்டியில் வந்தது ‘சுளங்க கினி அரன்’. பகலில் உயிர்காக்கும் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் இரவிற் பெண்களைக் கெடுக்கும் கொடியவராகிறார். மனித உறுப்புகளை விலைபேசுவோன் ஒருவன் இருக்கிறான். மரணத்தின் பொருளைத் தேடுவோரும் இருக்கின்றனர். இவர்தம் கதைகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் செல்கின்றன. முதற்படத்தில் நிலத்தை நோக்கிய கண் இதில் உடலை நோக்குகிறது. வெட்டப்படும் உடல், விற்கப்படும் உடல், சிதைக்கப்படும் உடல். புனுவேல் 1929இற் சவரக்கத்தியோடு தொடங்கிய இடத்துக்கு ஜயசுந்தர பத்தாண்டுப் பயணத்தின்பின் சத்திரக்கத்தியோடு வந்து சேர்ந்தார்.

இப்பின்னோக்கிய பயணத்தைத் தளர்ச்சி என்று தள்ளுவோர் உண்டு. முதற்படத்தின் அமைதி மீண்டும் கைகூடவில்லை என்பது உண்மையே. ஆனால் அவ்வமைதி போர்நிறுத்தக் காலத்தின் குழந்தை என்பதனையும் எண்ணுதல் வேண்டும். காவலரணும் வெட்டையும் காத்திருப்புமாய் இருந்த நாட்டுக்கு அசையாத கமரா பொருந்தியது. 2008 ஜனவரியில் உடன்படிக்கை முறிந்து, 2009இற் போரும் முடிந்தபின், காத்திருப்பதற்கு எதுவும் எஞ்சவில்லை. வெளியே காணாதொழிந்த கொடுமை மருத்துவமனைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் மனித உடலுக்குள்ளும் புகுந்துகொண்டது. அதனைத் தேடிச் சென்ற கமராவும் உள்ளே புகவேண்டியதாயிற்று.

அவர் சிங்களத் தலைப்புகளை வரிசையாக வைத்து நோக்கின் ஒரு செய்தி தோன்றும். முதலாவது காற்று வரவேண்டும் என்கிறது. இரண்டாவது வானிலிருந்து ஏதோ விழுகிறது என்கிறது. 2015இன் தலைப்போ அதே காற்றை மீண்டும் அழைக்கிறது. சுளங்க கினி அரன் என்றால், காற்று நெருப்பை எடுத்துக்கொண்டு என்பது பொருள். வாக்கியம் அங்கே முடியாமல் வினையெச்சத்தில் நிற்கிறது.